முதல் போன்சாய்க்கு எந்த நாட்டு மரம்?

போன்சாய் வளர்க்கும் ஆசையோடு நர்சரிக்குப் போனால் பெரும்பாலும் மூன்று செடிகளைத்தான் எடுத்து முன்னால் வைப்பார்கள்: அடி பருத்த அடீனியம், குண்டு இலை ஜேட், வேர் கிழங்காக வீங்கிய ஜின்செங் பைக்கஸ். இணையத்தில் தேடினால் பைன், ஜூனிபர், மேப்பிள் என்று படங்கள் கொட்டும். கூடவே ‘போன்சாய் விதை’ என்று பாக்கெட் போட்டும் விற்கிறார்கள். அப்படி ஒரு விதையே கிடையாது. எந்த மரத்து விதையும் மண்ணில் விட்டால் முழு மரமாகத்தான் வளரும். அதைத் தொட்டியில் வைத்து, வேரையும் கிளையையும் காலமறிந்து வெட்டி, சின்ன உருவத்தில் முதிர வைப்பதுதான் போன்சாய்.

சமவெளித் தமிழ்நாட்டில் ஒரு மொட்டை மாடியோ பால்கனியோ வைத்துக்கொண்டு, முதல் மரம் எது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: முதல் மரம், ஆல் குடும்பத்துச் சிற்றிலை மரமான கல் இச்சி. ஆலும் அரசும் மனசுக்கு நெருக்கமானவை என்றாலும் கொஞ்சம் பொறுக்கலாம். புளி, பொறுமைசாலிகளுக்கு ஏற்ற இரண்டாவது மரம். புதர்க்காட்டுச் சிற்றிலை வகைகளான குருவிச்சியும் பராயும் அதற்கடுத்து வரவேண்டியவை. இந்த வரிசை ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வெயிலும் தண்ணீரும் வேறு மாதிரி இருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளவும் அது உதவும்.

நாட்டு மரம் ஏன்

ஜூனிபர், ஜப்பானியக் கரும்பைன், மேப்பிள் எல்லாம் குளிர்காலத்தில் உறங்கி எழும் மரங்கள். சென்னையிலோ மதுரையிலோ அந்த உறக்கத்துக்கு வழியில்லை. ஒன்றிரண்டு வருடம் இழுத்துப் பறித்துக்கொண்டு நிற்கும், பிறகு போய்விடும். ஜூனிபரில் இன்னொரு தொல்லையும் உண்டு. செடி செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே தெரியும். எந்தத் தவறால் செத்தது என்று புதியவரால் கண்டுபிடிக்கவே முடியாது. கற்றுக்கொள்ள வேண்டிய காலத்தில் இதைவிட மோசமான ஆசிரியர் கிடையாது.

தட்பவெப்பம் ஒரு காரணம்தான். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, நம் மரங்களின் முதுமையை நாம் நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது. போன்சாய் என்பது ஒரு மரம் வயதாகும் விதத்தைச் சிறிய அளவில் காட்டுவது. வயதான பைன் எப்படிக் கிளையைத் தாழ்த்தும் என்று நம்மில் பலர் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். வயதான புளி எப்படி நிற்கும் என்பது பழைய நெடுஞ்சாலைகளில் பயணம் செய்த எல்லோருக்கும் தெரியும். சென்னை அடையாறில் தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் இருக்கும் ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்துவிட்டது. ஆனாலும் விழுதுகள் தூண்களாகி மரத்தை இன்றைக்கும் காப்பாற்றி வருகின்றன. ஆலில் போன்சாய் செய்யப் போகிறவர் அங்கே ஒரு காலைப்பொழுது செலவிட்டால், விழுது எந்தக் கிளையிலிருந்து இறங்குகிறது, இறங்கிய பிறகு கிளை எப்படிப் பருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் பதியும்.

நாட்டு மரம் என்பதற்கு ஓர் எல்லையும் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. இரண்டுமே நல்ல போன்சாய் ஆகும், ஆனால் இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை. புளியின் பூர்வீகமும் ஆப்பிரிக்காதான். ஆயினும் நம் சமையலிலும் சாலையிலும் ஆழ்வார்திருநகரிக் கோயிலிலும் அது வேரூன்றிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. தாவரவியலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். இருந்தும் புளியைச் சேர்த்தே எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

புதியவர்கள் பெரும்பாலும் அடிமரத்தின் தடிமனையும் இலையின் அழகையும் பார்த்து வாங்குகிறார்கள். அவற்றைவிட முக்கியமான கேள்வி வேறொன்று: இந்த மரத்தை வெட்டினால் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லும்?

கிளையை எங்கே வெட்டினால் எங்கே துளிர்க்கும் என்பதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. வெட்டிப் பார்த்து, துளிர்த்ததைப் பார்த்து, அந்தத் துளிரைத் திருப்பி, மறுபடி வெட்டித்தான் கை பழகும். வெயில் காலத்தில் கல் இச்சியை வெட்டினால் சில வாரங்களிலேயே புதுத் தளிர் வந்துவிடும். ஒரு வருடத்தில் நாலைந்து சுற்று கவாத்து பழகலாம். புளியில் அதைவிடக் குறைவு. எலுமிச்சைக் குடும்பத்துக் குருந்தில் ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு நல்ல சுற்று கிடைத்தாலே அதிகம். மூன்று வருடம் கழித்து, இச்சி வளர்த்தவருக்கும் குருந்து வளர்த்தவருக்கும் கையில் இருக்கும் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அடுத்தது, பழைய மரத்திலிருந்து துளிர்க்கிறதா என்பது. சில மரங்கள் இலை இருக்கும் இடத்தில் மட்டுமே துளிர்க்கும். இலையே இல்லாத கட்டையாக வெட்டினால் அந்தக் கிளை காய்ந்துபோகும். மூன்றாவதாக, வேர் வெட்டு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். போன்சாய் என்றாலே சில வருடங்களுக்கு ஒருமுறை வேரைச் சீவி மண் மாற்றுவதுதான். கடைசியாக இலையின் அளவு. ஒரு அடி உயர மரத்தில் உள்ளங்கை அகல இலை இருந்தால், மரம் எவ்வளவு முதிர்ந்திருந்தாலும் கண்ணுக்கு நாற்றாகத்தான் தெரியும். தொட்டியில் வைத்து வளர்ப்பதாலும் இலைகளை நாமே கிள்ளி உதிர்ப்பதாலும் இலையின் அளவு குறையும் என்பது உண்மை. எல்லா மரத்திலும் ஒரே அளவுக்குக் குறையாது என்பதும் உண்மை.

ஆல் குடும்பம்: இச்சியும் மற்றவையும்

கல் இச்சி, இத்தி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயரை வெவ்வேறு மரத்துக்குச் சொல்கிறவர்களும் உண்டு. நான் சொல்வது பைக்கஸ் மைக்ரோகார்பா. வழவழப்பான, அடர்பச்சையான, முனை மழுங்கிய சிறிய இலை. சாலையோரத்தில் குடை விரித்து நிற்கும், சில மரங்களில் தாடிபோல் மெல்லிய விழுதுகள் தொங்கும். தரையில் வளரும்போது ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் இருக்கும் இலை, நன்றாகப் பராமரித்த போன்சாயில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும்.

இதன் பெரிய குணம் மன்னிப்பு. கிளையே இல்லாத மொட்டைக் கட்டையாக வெட்டினாலும், பட்டைக்குள்ளிருந்து துளிர் புடைத்துக்கொண்டு வரும். கட்டைவிரல் கனத்துக் கொம்பை மழைக்காலத்தில் போத்தாக நட்டாலும் வேர் பிடிக்கும். வேரில் பாதிக்கு மேல் சீவினாலும், இலையைக் குறைத்து நிழலில் வைத்தால் தேறிவிடும். வெட்டுக்காயம் சீக்கிரம் மூடும். இரண்டு கன்றுகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டினால் காலப்போக்கில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிய நாற்றுகள் நாலைந்தைக் கட்டி ஒரே அடிமரமாக்கும் முறையை இந்தக் குணம்தான் சாத்தியமாக்குகிறது.

துளிர் வருவதைக் கிட்டத்தில் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு நுனியிலும் ஊசிபோல் ஒரு மெல்லிய உறை இருக்கும். அது பிரிந்து உதிர்ந்ததும் உள்ளே சுருண்டிருந்த இலை விரியும். உறை இருந்த இடத்தில் கிளையைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு நிற்கும். அடுத்த கவாத்தில் கத்தரி போக வேண்டிய இடத்தை அந்த வளையம் காட்டிக்கொடுக்கும். வளையத்துக்குச் சற்று மேலே வெட்டினால் அந்தக் கணுவிலிருந்தே புதுக் கிளை கிளம்பும். வெட்டியதும் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாயோ பூனையோ இலையைக் கடிக்கும் பழக்கம் உள்ளதாக இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இச்சிக்கு வரும் பூச்சிகளில் முக்கியமானது இலைப்பேன். புது இலை நடுநரம்போடு மடிந்து, அவரைக்காய் மாதிரி மூடிக்கொண்டு, மேலே செம்புள்ளிகளோடு நிற்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாக, நூல் துண்டு அளவுக்குப் பூச்சிகள் ஓடும். மருந்து தேடுவதற்கு முன் மடிந்த இலைகளை எல்லாம் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பூச்சி மடிப்புக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல் அதைத் தொடாது. கிள்ளிய பிறகு வரும் புதுத் தளிரில் தெளித்தால் பலன் தெரியும். கிளையை வளைத்து உருவம் அமைக்கக் கம்பி கட்டியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. இச்சி வேகமாகப் பருக்கும் மரம். வளரும் பருவத்தில் நாலைந்து வாரத்திலேயே கம்பி பட்டையில் பதியத் தொடங்கும். பதிந்த திருகுத் தழும்பு பல வருடம் போகாது. வாரம் ஒருமுறையாவது கம்பியைப் பாருங்கள்.

நர்சரியில் ‘பைக்கஸ்’ என்று கேட்டால் பல நேரம் பெஞ்சமினாவை எடுத்துத் தருவார்கள். இலையின் முனை நீண்டு கூராக இருக்கும், கிளைகள் தொங்கும். அதுவும் நம் பக்கத்து மரம்தான், ஆனால் முதல் மரமாக அதை நான் சொல்ல மாட்டேன். இடம் மாற்றினாலே இலையைக் கொட்டும். இலையில்லாமல் வெட்டிய கிளை பல நேரம் காய்ந்து போகும். இச்சியில் எந்தத் தைரியத்தில் வெட்டுகிறோமோ அந்தத் தைரியத்தை இதில் காட்ட முடியாது. ஜின்செங் என்று விற்பதோ இச்சி இனம்தான், ஆனால் பெரும்பாலும் வீங்கிய வேரின் மேல் வேறு ரகத்தை ஒட்டுக்கட்டியது. கிழங்கும் கிளையும் ஒன்றோடொன்று பொருந்தாமலே நிற்கும். அந்தப் பணத்துக்கு ஒட்டுப்போடாத இச்சிக் கன்றுகள் சில வாங்கலாம்.

இனி ஆல். கேட்காதவர்களே இல்லை. தேசிய மரம், விழுது விடும் மரம், ஊருக்கு நடுவில் நிற்கும் மரம், ஆசை வருவது இயல்பு. வேர் வெட்டு தாங்கும், துளிர்ப்பும் நன்றாகவே இருக்கும். சிக்கல் இலையில்தான். பத்து முதல் இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள தோல் போன்ற இலை. இலையுதிர்த்து, தண்ணீர் அளந்து, எல்லாம் செய்தாலும் பாதிக்குக் கீழே கொண்டுவருவது கடினம். ஆகவே ஆல் போன்சாய் என்றால் இரண்டு அடிக்குக் குறையாமல், நல்ல அகலத்தில், பெரிய தொட்டியில் திட்டமிட வேண்டும். மண்ணோடு சேர்த்துத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும். மொட்டை மாடி இருக்கிறவர்கள் யோசிக்கலாம். பால்கனிக்கு ஆல் ஒத்துவராது.

விழுதுக்காகவே ஆல் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: இச்சியும் விழுது விடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிளையின் அடியில் வெள்ளை நுனியோடு வேர் எட்டிப் பார்க்கும். மழை விட்டதும் காய்ந்துவிடும். அந்த நுனியை ஒரு குளிர்பான உறிஞ்சுகுழாய்க்குள் விட்டு, குழாயில் ஈரமான தேங்காய் நாரோ பாசியோ அடைத்து, அடிமுனையை மண்ணில் செருகிவிட்டால் காயாமல் கீழே இறங்கும். மண்ணைத் தொட்ட பிறகு குழாயைக் கிழித்து எடுத்துவிடலாம். விழுது பருக்கத் தொடங்கும்.

அரசு, ஆலைவிடச் சுலபமாகக் கிடைக்கும், ஆலைவிடக் கடினமானதும்கூட. வால் நீண்ட இலைக்கு நீண்ட காம்பும் சேர்ந்துகொள்வதால் இலையைச் சிறிதாக்கினாலும் கிளைகளுக்கு நடுவே இடைவெளி அடையாது. நுண்கிளைகள் நிறையப் பிரிவதும் இல்லை. அடிமரம் மட்டும் நன்றாகப் பருக்கும், வேர்கள் கல்லைக் கவ்வும். பாறையின் மேல் வேர் படர்ந்திறங்கும் வடிவத்துக்கு அரசு அருமையானது. மாசி, பங்குனியில் பழைய இலை உதிர்ந்து செம்புநிறத் தளிர் விடும் அந்தச் சில நாட்களுக்காகவே ஓர் அரசு வைத்திருக்கலாம் என்பது என் ஆசை. முதல் மரமாக அல்ல. வீட்டில் அரசோ ஆலோ வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் தயங்கினால் வாதாட வேண்டாம். இச்சியைப் பற்றி அப்படிப் பேச்சு வருவதை நான் அதிகம் கேட்டதில்லை.

அத்தியைப் பற்றி ஒரே வரி: இலையும் பெரிது, அடிமரத்தில் காய்க்கும் காயும் பெரிது, சிறிய தொட்டிக்கு அடங்காது.

புளி, விளா

இலை அளவை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் புளிதான் முதலில் வரும். ஒவ்வொரு இலையும் பத்துப் பதினைந்து ஜோடிச் சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதால், ஒரு அடி உயர மரம்கூடச் சாலையோரப் புளியின் நிழல் வடிவத்தைக் காட்டிவிடும். பட்டை சீக்கிரமே வெடித்து முதுமை காட்டும். சாயங்காலமானால் சிற்றிலைகள் மடிந்துகொள்ளும், விடிந்ததும் விரியும். வெயில், வறட்சி, மேற்குக் காற்று எல்லாம் தாங்கும். நெல்லை, ராமநாதபுரம் பக்கத்து மாடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் குறைவு.

பிறகு ஏன் இரண்டாமிடம்? அடிமரம் பருக்க வருடக்கணக்கில் ஆகும் என்பதால். புளியங்கொட்டையை ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். அந்த நாற்று மரமாகத் தெரிய பத்து வருடம் பிடிக்கலாம். அகலமான தொட்டியிலோ தோட்ட மண்ணிலோ சில வருடம் விட்டுத்தான் போன்சாய்த் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஆணிவேர் நேராக இறங்கும் மரம் என்பதால், நாற்றாக இருக்கும்போதே ஆணிவேரைக் கிள்ளிப் பக்கவேர்களைப் பரவவிட வேண்டும். முற்றிய செடியில் ஒரேயடியாக வெட்டினால் தாங்குவது நிச்சயமில்லை. கிளை பச்சையாக இருக்கும்போதே கம்பி கட்டிவிட வேண்டும். முற்றிய பிறகு வளைத்தால் சடக்கென்று முறியும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இவ்வளவும் தெரிந்த பிறகு புளி தொல்லையே தராத மரம். இச்சியில் கை பழகும் காலத்திலேயே ஒரு ஓரத்தில் நாலு புளியங்கொட்டையை ஊன்றி வையுங்கள். கை தயாராகும்போது மரமும் தயாராக இருக்கும்.

விளாவும் புளியோடு சேர்த்து எண்ணத்தக்கது. முள், சிறிய இலை, கசக்கினால் வாசனை, மெதுவான வளர்ச்சி. விளா, வில்வம், குருந்து மூன்றுமே எலுமிச்சைக் குடும்பம் என்பதால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டையிடும். புழு சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கண்ணில் படாது. பெரிதாகிப் பச்சையாக மாறிய பிறகு சின்ன மரத்தை ஓரிரு நாளில் மொட்டையாக்கிவிடும். இலையின் மேல் எச்சம் போல எது தெரிந்தாலும் குச்சியால் தொட்டுப் பாருங்கள்.

புதர்க்காட்டுச் சிற்றிலைகள்

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உலகம் முழுக்க ‘புக்கியன் டீ’ என்ற பெயரில், சீனச் செடியாக விற்கப்படும் ஒரு போன்சாய் உண்டு. அதே செடி நம் புதர்க்காடுகளில் குருவிச்சி, குரங்குவெற்றிலை என்ற பெயர்களில் தன்பாட்டுக்கு வளர்கிறது. பளபளக்கும் சின்ன இலை, நுனியில் மூன்று பற்கள், மேற்பரப்பில் வெள்ளைப் பொடிப்புள்ளிகள். வருடத்தில் பல தடவை பொடி வெள்ளைப் பூக்கள், பிறகு சிவப்புக் காய். வேலிக்கு வெட்டிப் பழகிய செடி என்பதால் அடர்த்தியாகக் கிளைக்கும். இலையைச் சிறிதாக்க எந்த வித்தையும் தேவையில்லை.

முதல் மரமாகச் சொல்லாததற்குக் காரணம் அதன் வேர். மண் முழுக்கக் காய்ந்தாலும் முகம் சுளிக்கும், ஊறிக்கொண்டே இருந்தாலும் இலை கொட்டும். உப்பேறிய ஆழ்துளைத் தண்ணீரில் இலை வெளுத்துப் போவது வழக்கம். மாவுப்பூச்சிக்கும் பிடித்தமான செடி. தண்ணீர் ஊற்றும் கணக்கு கைக்கு வந்த பிறகு வாங்கினால் பல வருடம் சந்தோஷம் தரும். நல்ல தண்ணீர் கிடைக்கும் கோவை போன்ற ஊர்களில், காலை வெயில் படும் இடம் இருந்தால், இச்சியோடு சேர்த்தே தொடங்கினாலும் நான் தடுக்க மாட்டேன்.

பராய் இன்னும் கவனிக்கப்படாத மரம். திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் இருக்கும் திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்ததும், அந்தக் கோயிலின் தலமரமும் இதுதான். உப்புத்தாள் போல் சொரசொரப்பான இலை. மரச்சாமானைத் தேய்த்து மெருகேற்ற அந்தக் காலத்தில் இந்த இலையைப் பயன்படுத்தினார்கள். தாய்லாந்தில் மரத்தை வெட்டி உருவம் அமைக்கும் பழைய கலைக்கு முக்கியமான மரமே இதுதான். வெட்ட வெட்டத் துளிர்க்கும், வறட்சி தாங்கும், நுண்கிளை அருமையாகப் பிரியும். குணத்தை மட்டும் பார்த்தால் இச்சிக்குச் சமமான முதல் மரம் என்பேன். நர்சரிகளில் கிடைப்பது அரிது என்பது ஒன்றுதான் குறை. நாட்டு மரக்கன்றுகள் வளர்க்கும் நாற்றங்காலில் பராய் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

மாணிக்கவாசகருக்கு ஆவுடையார்கோயிலில் நிழல் தந்ததாகச் சொல்லப்படும் குருந்து, மணமுள்ள வெள்ளைப் பூவும் குட்டி எலுமிச்சை போன்ற காயும் கொண்டது. புத்துப்பட்டு போன்ற கரையோரக் கோயில் காடுகளில் இன்னும் நிற்கும் இரும்பிலியும் தைவானில் உயர்ந்த போன்சாய் மரமாகப் போற்றப்படுகிறது. இரண்டுமே ஆமை வேகம். பத்து வருடக் கணக்கில் யோசிப்பவர்களுக்கானவை. முன்னை, காரை, சிறுகளா ஆகியவையும் போன்சாய்க்கு ஏற்றவை. முன்னை வேகமாகப் பருத்துத் துளிர்க்கும், தென்கிழக்கு ஆசியாவில் மிகவும் விரும்பப்படும் மரம். அவற்றை ஒன்றிரண்டு வருடம் கழித்துத் தேடலாம்.

வேம்பைச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். நீண்ட கூட்டிலை, நெடுநெடுவென்று போகும் தண்டு, கணுக்களுக்கு இடையே தூரம். பெரிய உருவத்தில் செய்து காட்டியவர்கள் உண்டு. புதியவருக்கு வேண்டாம்.

எங்கிருந்து எடுப்பது

நர்சரிக் கன்றைவிடச் சுவாரசியமான ஓர் இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது: சுவர். பறவை எச்சத்தில் வந்த இச்சி, அரசு, ஆல் விதைகள் சன்ஷேடிலும் மழைநீர்க் குழாயின் ஓரத்திலும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் முளைத்து நிற்கும். வீட்டுக்காரருக்கு அது தொல்லை, கேட்டால் சந்தோஷமாகத் தருவார். வெடிப்புக்குள் நெருக்கி வளர்ந்ததால் அடிவேர் தட்டையாக, முறுக்கிக்கொண்டு, எந்தத் தொட்டியிலும் உருவாக்க முடியாத வடிவத்தில் இருக்கும். முந்தின நாளே சுவரை நனைத்து, பூச்சை உளியால் மெல்லப் பெயர்த்து, கிடைத்த வேரைக் காப்பாற்றி, மேலே தண்டைக் குட்டையாக வெட்டி, செங்கல் ஜல்லி கலந்த மண்ணில் வைத்து நிழலில் விட வேண்டும். துளிர் வரும் வரை உரம் வேண்டாம், தொட்டியை அசைக்கவும் வேண்டாம். கோயில் கோபுரத்திலோ மதிலிலோ முளைத்ததை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். அது நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. கல்லும் பெயர்ந்துவிடும்.

காட்டிலிருந்து பெயர்ப்பது கூடவே கூடாது. காப்புக்காட்டில் செடி பிடுங்குவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. புதர்க்காட்டில் ஓர் அடி உயரத்தில் ஆடு கடித்துக் கடித்து முறுக்கேறி நிற்கும் குருந்தோ காரையோ பல பத்தாண்டு வயதுடையதாக இருக்கும். பெயர்த்தால் பிழைப்பது சந்தேகம். அந்த வடிவத்தில் இன்னொன்று அங்கே உருவாக நம் ஆயுள் போதாது. குருவிச்சியும் குருந்தும் வேண்டுமென்றால் வனத்துறை நாற்றங்கால்களிலும் நாட்டு மரக்கன்று வளர்க்கும் தனியார் நாற்றங்கால்களிலும் கேட்டு வையுங்கள். விதையோ போத்தோ கிடைத்தால் அதுவே போதும்.

உங்கள் வீட்டுக்கு எது

மேற்கு வெயில் நேராக அடிக்கும் மொட்டை மாடி என்றால் இச்சி, புளி இரண்டும் நிற்கும். ஆனால் முதல் இரண்டு வருடம் தட்டையான தொட்டி வேண்டாம். சித்திரை வெயிலில் மூன்று விரல் ஆழ மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு சாண் ஆழமுள்ள மண்தொட்டியே போதும். அடியில் துளை பெரிதாக இருக்கட்டும். கத்திரி நாட்களில் பச்சை நிழல்வலை போடுங்கள். மண்ணுக்கு அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் குருணையைத் தேடிச் செலவழிக்கத் தேவையில்லை. பட்டாணி அளவுக்கு உடைத்துச் சலித்த செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு போதும். தூளை மட்டும் சலித்து ஒதுக்கிவிடுங்கள், அதுதான் வடிகாலை அடைக்கும். தேங்காய் நார்க்கழிவை மட்டும் நிரப்பித் தரும் தொட்டிகள் ஐப்பசி மழையில் நாள்கணக்கில் சொதசொதவென்றே இருக்கும். அவற்றை வாங்கினால் அடுத்த மண் மாற்றும் பருவத்தில் முதல் வேலையாக மாற்றுங்கள்.

காலையில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் வெயில் வரும் பால்கனிக்கு இச்சியும், நல்ல தண்ணீர் இருந்தால் குருவிச்சியும். புளி அங்கே நீண்டு மெலிந்துவிடும். வெயிலே எட்டாத ஹாலுக்கு எந்த மரமும் இல்லை. விருந்தாளி வரும்போது இரண்டு நாள் உள்ளே வைத்துவிட்டு வெளியே எடுத்துப்போய்விட வேண்டும். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் ஆழத் தொட்டியில் புளி வைக்கலாம், பக்கத்து வீட்டில் ஒருவரைத் தண்ணீருக்குப் பழக்கியும் வைக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே இச்சி சோம்பி நிற்கும், சோலைக்காட்டு மரங்களோ தொடக்கூடாதவை.

இச்சி வாங்குவதாக முடிவு செய்தால் ஒன்று வாங்காதீர்கள், மூன்று வாங்குங்கள். விலை உயர்ந்த ஒற்றை மரத்தை வைத்துக்கொண்டு கத்தரியை எடுக்கப் பயப்படுவதைவிட, சாதாரணக் கன்றுகள் மூன்றை வைத்துத் தைரியமாக வெட்டுவது மேல். ஒன்றை உயரமாக விட்டு அடிமரத்தைப் பருக்க வையுங்கள், ஒன்றில் கவாத்து பழகுங்கள், ஒன்றில் கம்பி. கன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மேல்மண்ணை விரலால் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி வேர் எல்லாப் பக்கமும் பரவியிருந்தால் எடுங்கள். ஒரே பக்கம் தடித்த வேர் சுற்றிக்கொண்டிருந்தால், இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். வேரைத் தொட்டு மண் மாற்றச் சரியான காலம் மாசி, பங்குனி. தவறவிட்டால் கத்திரி கழிந்து ஆனியில் செய்யலாம். அதற்கும் பிந்தி வாங்கினால், பருவமழை முடிந்து மாசி வரும்வரை வேரைத் தொடாமல் வாங்கிய பையிலேயே வைத்திருந்து, மேலே கவாத்தை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.